பஸ்காரம்மா தடை செய்த வார்த்தை

அந்த அம்மாளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் பாலக்கரையில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததே எங்களில் பாதிப் பேருக்கு நினைவில்லை. தென்னூரில் வீடு, பாலக்கரையில் ஷெட், திருச்சிக்கும் லால்குடிக்கும் நடுவே நாள் முழுக்க ஓடும் ஒரு பஸ். பஸ்காரம்மா என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து ஷெட் வாசலில் கொண்டுவந்து விடும்.

நான் அந்த பஸ்ஸை ஓட்டியவன். அந்த உரிமையில் சொல்கிறேன், யாருக்கு வருத்தம் என்றாலும் சரி. அந்த நாளில் மீசையை முறுக்கிக்கொண்டு, கோட்டுப் பையில் தங்கச் சங்கிலி தொங்க, பஸ் முதலாளி என்று திரிந்த ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சலாம் போட்டும் இருக்கிறேன். முதலாளி என்றால் இன்றைக்கும் என் கண்ணில் வந்து நிற்பது முகமெல்லாம் கரியும், இழுத்துச் செருகிய புடவைத் தலைப்புமாக அந்த அம்மாள்தான்.

அவருடைய ஷெட்டில் ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தைக்கு அல்ல. டயர் கழற்றும்போது எங்கள் வாயில் வராத வார்த்தையா? அதெல்லாம் காதில் விழாத மாதிரி அம்மா தெருப்பக்கம் திரும்பிக்கொள்வார். தடை 'எப்பவும் போல' என்பதற்கு.

இது தெரியாமல் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மாட்டிக்கொண்டேன்.

"பிரேக் எப்படி இருக்கு பாய்?" என்று கேட்டார்.

"எப்பவும் போல இருக்குங்கம்மா."

கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாற்று டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் சீட்டுக்கு வந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எறங்குங்க பாய். இன்னிக்கு நீங்க டிரைவர் இல்ல. கடைசி சீட்டுல ஒக்காந்து லால்குடி போயிட்டு வாங்க."

இதுதான் தண்டனை. கேட்க சாதாரணமாக இருக்கும். பின்சக்கரத்துக்கு மேலே போட்ட அந்தப் பலகையில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். டோல்கேட் தாண்டியதும் ரோட்டில் வந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தலை கூரையில் இடித்தது. பக்கத்தில் லால்குடிப் பக்கத்துக் கீரைக்காரம்மா ஒருத்தி, காலையில் ஸ்ரீரங்கத்தில் கீரை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு ஊர் திரும்புகிறவள், என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன டிரைவர் பாய், இன்னிக்கு எங்க பக்கம்? நீங்க ஓட்டுற அழகுக்கு நாங்க தெனமும் இப்படித்தான் குதிக்கிறோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது? அந்தப் பள்ளங்களில் எல்லாம் நேற்றுவரை ஸ்டைலாக வண்டியை விட்டவன் நான்தானே! முன்னால் உட்கார்ந்தால் பள்ளம் தெரிவதில்லை. மறுநாளிலிருந்து என் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பின் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் போட்டார்.

அந்த வார்த்தையின் மேல் அப்படி என்ன வெறுப்பு என்று ஒருநாள் கேட்டே விட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எங்க வீட்டுக்காரர் ஜட்கா வெச்சிருந்தாரு பாய். ஸ்டேஷன் வாசல்ல நிக்கும். ரயிலு எப்பவும் போல வரும், ஜனமும் எப்பவும் போல வரும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ரயிலு வந்துச்சு, ஜனமும் வந்துச்சு. எல்லாரும் நேரா போயி பஸ்ஸுல ஏறிட்டாங்க. குதிரைங்கதான் பாவம், கொள்ளுக்குக் காத்துக்கிட்டு நின்னுச்சு."

அதன் பிறகு அம்மாவின் கணவர் குதிரைகளை விற்றுவிட்டு இந்த பஸ்ஸை வாங்கினார். வாங்கிக் கொஞ்ச நாளில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்த கொழுந்தனார், அதாவது கணவருடைய தம்பி, கூடத்தில் பத்துப் பேர் நடுவில் சொன்னாராம்: "அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க. எப்பவும் போல வீட்டுல இருங்க. பஸ்ஸ நான் பாத்துக்கறேன்."

"அன்னிக்குத்தான் பாய் அந்த வார்த்தை எனக்கு முழுசா கசந்துபோச்சு" என்றார் அம்மா. மறுநாள் காலை ஷெட் பூட்டைத் திறந்தது அவர்தான். கொழுந்தனார் கோபித்துக்கொண்டு போய் அதே ரோட்டில் சொந்தமாக ஒரு பஸ் விட்டார். பளபளவென்று பெயின்ட், ஜன்னலுக்கு ஜன்னல் திரை. அந்த பஸ்ஸுக்குப் பக்கத்தில் எங்கள் பஸ் ஏழை வீட்டுப் பெண் மாதிரி நிற்கும்.

அம்மாவுக்கு அதைப் பற்றி அலட்டலே கிடையாது. பஸ் திரும்பி வரும் நேரத்துக்கு ஷெட் வாசலில் நின்றுகொள்வார். இறங்குகிறவர்களிடம் சௌகரியமா இருந்ததா என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. "என்ன தொந்தரவு?" என்று கேட்பார்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் எறங்கறப்ப மூஞ்சியச் சுளிச்சீங்க? சொல்லுங்க."

சொல்லாமல் ஒருவரும் தப்ப முடியாது. ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் ஒருநாள் சொன்னார்: "படி ஒசரமா இருக்குடீம்மா. புடவையத் தூக்கிண்டு ஏறறதுக்குள்ள பிராணன் போறது. பெருமாளே காப்பாத்துன்னுதான் கால வெக்கறேன்." அன்று சாயங்காலமே தச்சரை வரவழைத்து, தாழ்வாக இன்னொரு படி அடித்தார். கொழுந்தனார் கேள்விப்பட்டு, "பஸ்ஸு பெட்ரோல்ல ஓடுதா, படிக்கட்டுல ஓடுதா?" என்று கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அடுத்த மாதம் ஸ்ரீரங்கத்து மாமிகள் அத்தனை பேரும் திரை போட்ட பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றார்கள். கொழுந்தனாருக்குச் சிரிப்பு நின்றது.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் யுத்தம் வந்தது. யுத்தம் எங்கேயோ நடந்தது, பெட்ரோல் இங்கே காணாமல் போயிற்று. கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோல் வாரத்தில் பாதி நாளைக்குக்கூடக் காணாது. பஸ் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியைச் செங்கல் மேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கொழுந்தனார் கூப்பன் பெட்ரோலைக்கூடச் செலவழிக்காமல் டின்னில் சேர்த்து வைத்துக்கொண்டு, அண்ணிக்குப் புத்தி சொல்ல ஷெட்டுக்கு வந்தார்.

"யுத்தம் முடியட்டும் அண்ணி. அப்புறம் எப்பவும் போல ஓட்டலாம்."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். போச்சு, இந்த மனிதரையும் கடைசி சீட்டில் ஏற்றப் போகிறார் என்று நினைத்தேன்.

"யுத்தம் முடியறவரைக்கும் கீரைக்காரம்மா கீரைய எப்படி தம்பி கொண்டாருவாங்க?" என்றார் அம்மா. கொழுந்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அம்மா பட்டணத்துக்கு ஆள் அனுப்பி ஒரு சாமானை வரவழைத்தார். ஆள் உயரத்துக்கு இரும்புப் பீப்பாய், கீழே அடுப்பு, பக்கத்தில் கையால் சுற்றும் காற்றாடி. பஸ்ஸின் முதுகில் அதை மாட்டி, மரக்கரி போட்டு மூட்டினால் வரும் வாயுவில் எஞ்சின் ஓடுமாம். எனக்கு வந்ததே ஆத்திரம்! வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, பெட்ரோல் வண்டி ஓட்டியவன் நான்.

"அம்மா, நான் டிரைவரா, சமையல்காரனா? அடுப்புப் பத்தவெக்கவா லைசென்ஸ் வாங்கினேன்?"

"அடுப்புப் பழக்கமில்லாதவங்கதான் பாய் அடுப்பக் கண்டு பயப்படுவாங்க. நகருங்க" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே குனிந்து மூட்டினார். புகை பாலக்கரையை மூடியது. தெருவில் கூடிய கூட்டம், "அடுப்பு பஸ் டோய்!" என்று கூவியது. அன்று கரி அப்பிய முகத்தோடு வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்து, "யாரு வேணும்? அவங்க இன்னும் வரலியே" என்றாள். கிண்டல்!

முதல் நாள் அந்த பஸ் கொள்ளிடம் பாலத்து ஏற்றத்தில் மூச்சை விட்டு நின்றுபோயிற்று. ஜனங்கள் நல்ல மனசோடு தள்ளிவிட இறங்கினார்கள். கடைசி சீட்டில் இருந்த அம்மா ஓடிவந்து குறுக்கே நின்றார். "டிக்கெட் வாங்கினவங்க யாரும் தள்ளக்கூடாது. ஏறுங்க, ஏறி ஒக்காருங்க." பிறகு மாற்று டிரைவர் ஸ்டீரிங்கைப் பிடிக்க, அம்மாவும் நானும் கண்டக்டரும் ரோட்டில் போன நாலு பேருமாகச் சேர்ந்து, உள்ளே அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, அந்த வண்டியைத் தள்ளினோம். மானம் போயிற்று என்று நான் புலம்பினேன். "நாளைக்குத் தள்ளாம இருக்க என்ன செய்யலாம்? அதச் சொல்லுங்க" என்றார் அவர்.

அதற்குப் பிறகு தினமும் அவர் அந்தக் கடைசி சீட்டிலேயே வந்தார். தினமும் ஒன்றை மாற்றினார். கரியைச் சலித்துத் தூளை ஒதுக்கினார். பெரிய கட்டிகளை உடைக்கச் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் ஜனங்கள் ஏறி இறங்கும் நேரத்திலேயே நெருப்பைக் கிளறிக் கரி நிரப்பும்படி ஏற்பாடு செய்தார், அப்போதுதான் ஏற்றத்துக்கு வரும்போது வாயு பலமாக இருக்கும். ஒருநாள் பஸ் தானாகவே பாலம் ஏறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பீப்பாயைத் தட்டிக் கொடுத்தேன்.

ஆனால் கீரைக்காரம்மா திருப்தியாக இல்லை. "பஸ்காரம்மா, பின்னால ஒக்காந்த எடம் வேகுது. நான் வெந்தா பரவால்ல, கீரையும்ல வெந்துபோகுது. வாங்கறவங்க இது பறிச்ச கீரையா, ஆக்கின கீரையான்னு கேக்கறாங்க."

பஸ்ஸே சிரித்தது. அம்மா மறுநாள் அந்தச் சீட்டையே எடுத்துவிட்டார். ஜனங்களுக்கு முன்னால் இடம் ஒதுக்கி, பீப்பாயை ஒட்டிய இடத்தில் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதில் வழிக்கு வேண்டிய கரியைப் போட்டு வைத்தார். "நல்ல சீட்டு போச்சேம்மா" என்றேன். "வேகற சீட்டு என்ன பாய் நல்ல சீட்டு?" என்றார்.

மூடிக் கிடந்த பஸ்களுக்கு நடுவில் இந்த ஒரு பஸ் கரியைக் கக்கிக்கொண்டு ஓடுவது கொழுந்தனாருக்குப் பொறுக்குமா? புகார் கொடுத்துவிட்டார். ஜனங்களுக்கு ஆபத்து, நேரத்துக்குப் போய்ச் சேராது, அம்மாவின் பர்மிட்டையும் கூப்பனையும் சேர்த்துத் தன் பெயருக்கு மாற்றினால் பெட்ரோலிலேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். பர்மிட் ஆபீசர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். சிரிக்கத் தெரியாத முகம்.

"நாளைக்குக் காலைல நானே வரேன். பஸ் நெறய ஆள் இருக்கணும். நிக்க வேண்டிய ஸ்டாப்புல மட்டும் நின்னு லால்குடி போய்ச் சேரணும். நடுவுல நின்னுபோனா பர்மிட் உங்க கொழுந்தனாருக்குத்தான்."

"சரிங்க" என்றார் அம்மா, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். பர்மிட் போனால் பஸ் வெறும் பழைய இரும்பு. நான், கண்டக்டர், மாற்று டிரைவர், எல்லோரும் தெருவில் நிற்போம். அதையெல்லாம்விடக் கொடுமை, இந்த அம்மாள் மறுபடியும் வீட்டுக்குள் போய், கொழுந்தனார் சொன்னபடி எப்பவும் போல உட்கார வேண்டும்.

ஐப்பசி மாதம். காலையில் நாங்கள் போய் ஷெட்டைத் திறந்தபோது உள்ளே தண்ணீர். ராத்திரி மழை கூரை ஓட்டைப் பிரித்து ஒழுகி, கரி மூட்டைகள் அத்தனையும் ஊறிக் கிடந்தன. ஈரக்கரி புகையும், வாயு தராது. பாலம் ஏறுவது இருக்கட்டும், ஷெட்டை விட்டு வெளியே வராது.

"யா அல்லா, முடிஞ்சுதும்மா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் ஓட்டைத் திட்டினார். மாற்று டிரைவர் கொழுந்தனாரைத் திட்டினார்.

அம்மா யாரையும் திட்டவில்லை. ஈர மூட்டையில் கைவைத்துப் பார்த்தார். "சரி. நனையாதது எங்க இருக்கு?"

அவரே பஸ்ஸில் ஏறிப் பின்னால் போய்ப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். நேற்றுப் பகல் முழுக்கப் பீப்பாயின் சூட்டில் காய்ந்த கரி. கையை விட்டு அள்ளினார். சலசலவென்று சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை.

"கீரைக்காரம்மா புண்ணியம் பாய்" என்று சிரித்தார். "போறதுக்கு இது போதும். இது காலியாக ஆக, நனைஞ்ச கரிய இந்தப் பெட்டியில போடுங்க. வரதுக்குள்ள காஞ்சிடும்."

ஆபீசர் என் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தார். பாலக்கரையிலிருந்து காவிரிப் பாலம் வரை வண்டி சமர்த்தாக வந்தது. முதல் நாள் சாயங்காலமே எங்கள் பஸ்ஸில் வந்து, விடிந்ததும் கீரை விற்று முடித்த கீரைக்காரம்மா ஸ்ரீரங்கத்தில் வெறுங்கூடையோடு ஏறினாள். மாமி ஒருவர் புதுப் படியில் கால் வைத்து ஏறி, உள்ளே விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரங்கா, இந்த வண்டிய நீதான் ஏத்திவிடணும்" என்று கைகூப்பினார். பின்னால் மாற்று டிரைவர் நெருப்பைக் கிளற, அம்மா கரி நிரப்பினார்.

கொள்ளிடம் பாலத்தடியில் என்ன காட்சி தெரியுமா? பளபளவென்று துடைத்து, சேர்த்து வைத்த பெட்ரோலை ஊற்றி, கொழுந்தனாரின் பஸ் தயாராக நின்றது. நாங்கள் நின்றுபோனதும் எங்கள் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போக! அவருடைய கண்டக்டர் அதற்குள்ளாகவே, "லால்குடி! லால்குடி! வாங்க, வாங்க, எறங்கி வாங்க!" என்று கூவிக்கொண்டிருந்தான். கொழுந்தனார் குடைக்கடியில் நின்று எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

ஏற்றத்தில் ஏறினோம். பாதியில் எஞ்சின் முனகியது. நகர்வது தெரியாத வேகத்தில் நகர்ந்தது. பழைய ஞாபகத்தில் நாலைந்து பேர் பாரத்தைக் குறைக்க எழுந்தார்கள்.

"ஒக்காருங்க!" பெட்டி மேலிருந்து அம்மாவின் குரல். "யாரும் எறங்கக்கூடாது. அது ஏறும்."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு எஞ்சினிடம் மன்றாடினேன். நட, ராசா, இன்னும் கொஞ்சம் நட. இருமியது, திணறியது, நடந்தது. முன்சக்கரம் சமதரையைத் தொட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு பாலத்தில் ஓடத் தொடங்கியது.

பஸ்ஸில் எழுந்த கூச்சலைக் கேட்க வேண்டுமே! மாமி கோவிந்தா என்றார், நான் அல்லாஹு அக்பர் என்றேன், கீரைக்காரம்மா கூடையைத் தூக்கிக் கூரையில் தட்டினாள். ஆபீசர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லால்குடியில் இறங்கியதும் அவர் நேராகக் கீரைக்காரம்மாவிடம் போனார். மற்றவர்கள் எல்லாம் எங்களுக்காகக் கூச்சல் போட்டவர்கள், இவள் உண்மையைச் சொல்வாள் என்று நினைத்தாரோ என்னவோ. "பஸ் எப்படிம்மா வந்துச்சு?"

அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே, இதென்ன கேள்வி என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"எப்படின்னா? எப்பவும் போலதாங்க வந்துச்சு."

கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாற்று டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

ஆபீசர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. "பர்மிட் உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார். பிறகு கண்டக்டரிடம் திரும்பி, "திருச்சிக்கு ஒரு டிக்கெட் குடுப்பா" என்றார். எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அம்மா, கீரைக்காரம்மா அந்த வார்த்தையச் சொல்லிட்டாங்களே. தண்டனை இல்லியா?"

அம்மாவின் முகமெல்லாம் கரி. கண்ணும் பல்லும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அப்படி வாய்விட்டு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, கரியில் கோடு போட்டது.

"அவங்க சொல்லலாம் பாய். அவங்க சொல்லணும்னுதான் இந்தப் பாடு. நாமதான் சொல்லக்கூடாது."

சொல்லிவிட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். துடைத்த கையோடு, "அது சரி, ஏத்தத்துல எஞ்சின் ஏன் பாய் அப்படி முனகுச்சு?" என்று கேட்டார்.

ஜெயித்த மயக்கம், யோசிக்காமல் வாயை விட்டேன். "அது எப்பவும் போல..."

அம்மா பஸ்ஸின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார்.

மாற்று டிரைவர்தான் பஸ்ஸைத் திருச்சிக்குத் திருப்பி ஓட்டினார். ஆபீசர் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். நான் கரிப்பெட்டியின் மேல், உட்கார்ந்த இடம் வேக, முகமெல்லாம் கரியாக, குதித்துக்கொண்டு வந்தேன். பாலத்தடியில் கொழுந்தனாரின் பஸ் இன்னும் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக உடம்பைப் பாதி வெளியே நீட்டி, தொப்பியைக் கழற்றி, பாலக்கரை வரைக்கும் கேட்கும்படி ஒரு சலாம் போட்டேன்.